பிசிஎன்ஏ குறி சரியாக விழவில்லையா? கடல் மிதவைப் பாசிகளின் வளர்ச்சியை அளப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

"ஆன்டிபாடி வேலை செய்யவில்லை, வேறு வாங்கிவிடலாமா?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பல நேரங்களில் ஆன்டிபாடிமேல், அதாவது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தின்மேல், குற்றமே இருக்காது. மாதிரி எடுத்த நேரம், ஃபிக்ஸ் செய்த விதம் (செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்தும் ரசாயனப் பதப்படுத்தல்), போகாமல் நின்ற பச்சையம், மாறிப்போன இரண்டாம் ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும், சாயம் ஏந்தியது) என்று அதற்கு முன்பே எங்கோ இடறியிருக்கும்.

பிசிஎன்ஏ (டிஎன்ஏ இரட்டிக்கும்போது வேலை செய்வது), சைக்ளின் பி, சிடிசி2 (இரண்டும் செல் பிளவைத் தொடங்கிவைப்பவை) ஆகிய புரதங்களுக்கு ஆன்டிபாடியால் குறியிட்டு, எத்தனை செல்கள் பிளவுக்குத் தயாராகின்றன என்று எண்ணி, அதிலிருந்து ஓர் இனத்தின் வளர்ச்சி வீதத்தைக் கணக்கிடுபவர்களுக்காக எழுதியது இது. செல் சுழற்சி என்றால் என்ன என்ற பாடம் இதில் கிடையாது.

## முதலில் இரண்டு குழாய்கள்

எந்தக் கோளாறைப் பார்க்கவும் இரண்டு ஒப்பீட்டு மாதிரிகள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் வளர்ப்பிலிருந்து, டிஎன்ஏ இரட்டிக்கும் நேரத்தில் எடுத்தது. அந்த நேரம் தெரியாதா? ஒரு நாள் முழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள், போதும். இரண்டாவது, நைட்ரஜன் தீர்ந்து செல் எண்ணிக்கை ஏறாமல் நின்றுவிட்ட வளர்ப்பு. எண்ணிக்கை நின்றதை எண்ணிப் பார்த்து உறுதி செய்யுங்கள். 'பழைய ஃபிளாஸ்க்தானே, நின்றிருக்கும்' என்று எடுக்கக் கூடாது. டயட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட பாசி) என்றால் சிலிக்கான் பட்டினி போட வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

இரண்டையும் ஃபிக்ஸ் செய்து, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து, மெத்தனாலில் மைனஸ் 20 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் மாதிரி குறியிடும் ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒவ்வொன்று கூடவே போக வேண்டும். இவை இல்லாமல் எடுத்த படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

இனி கிளை பிரியலாம். இரண்டும் இருட்டு என்றால் அறிகுறி 1. இரண்டும் ஒளிர்கிறது என்றால் அறிகுறி 2. இரண்டும் சரியாக இருந்து கடல் மாதிரி மட்டும் சரியில்லை என்றால் 3. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் நிறைவாரியாகப் பிரித்து, தாளுக்கு மாற்றிக் குறியிடும் முறை) பட்டை குழப்புகிறது என்றால் 4. படம் அழகாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது என்றால் நேராக 5-க்குப் போங்கள். டைனோஃபிளாஜெல்லேட் (சாட்டையிழைகளால் நீந்தும் பாசி வகை) வைத்திருப்பவர்கள் 6-ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

## அறிகுறி 1: எதுவுமே ஒளிரவில்லை

ஃபில்டரும் விளக்கும். சிரிக்க வேண்டாம், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் ஆன்டிபாடியில் இணைக்கும் எஃப்ஐடிசி சாயம் ஏறத்தாழ 490 நானோமீட்டர் ஒளியை வாங்கி 520-இல் உமிழும். முன்னால் வேலை செய்தவர் வேறு ஃபில்டரில் விட்டுப் போயிருக்கலாம். டிஎன்ஏ-வில் ஒட்டி ஒளிரும் டேப்பி சாயத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். செல்லின் கரு நீல நிறத்தில் தெரிந்தால் செல்லும் விளக்கும் சரி.

இரண்டாம் ஆன்டிபாடி பொருந்துகிறதா? பிசிஎன்ஏ-வுக்குப் பலரும் பயன்படுத்தும் பிசி10 எலியில் தயாரான மோனோகுளோனல் (ஒரே வகை) ஆன்டிபாடி. பெட்டியில் இருக்கும் இரண்டாம் ஆன்டிபாடி முயலுக்கு எதிரானது என்றால் ஒன்றும் தெரியாது. பொருந்தினாலும், வெளிச்சத்தில் கிடந்து சாயம் வெளுத்திருக்கலாம். சோதிக்க எளிய வழி: நைட்ரோசெல்லுலோஸ் தாளில் முதல் ஆன்டிபாடியை ஒரு சொட்டு வைத்து உலர்த்துங்கள், பால் பொடிக் கரைசலில் தாளை அடைத்து, இரண்டாம் ஆன்டிபாடியில் முக்கிக் கழுவி, விளக்கில் பாருங்கள். சொட்டு ஒளிரவில்லை என்றால் கோளாறு இங்கேயே கிடைத்துவிட்டது.

அளவுக்கு மீறிய ஃபிக்ஸ். பாராஃபார்மால்டிஹைடில் நாள்கணக்கில் ஊறிய செல்லில், ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் பிணைப்புகளுக்குள் மூடிப்போகும். புதிதாக வளர்ப்பு மாதிரி எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: அரை மணி நேரம், இரண்டு மணி நேரம், ஓர் இரவு. அரை மணி மட்டும் ஒளிர்ந்தால் விடை தெரிந்துவிட்டது. பழைய மாதிரியைக் காப்பாற்ற வேண்டுமானால் சிட்ரேட் கரைசலில் சூடாக்கி மீட்கும் முறையை முயலலாம். மென்மையான செல்கள் அதில் நொறுங்கிப்போவதும் உண்டு; எல்லா மாதிரியையும் ஒரே நாளில் அதில் போட்டுவிடாதீர்கள்.

ஆன்டிபாடி உள்ளே போகவில்லை. டயட்டமின் சிலிக்கா ஓடு, டைனோஃபிளாஜெல்லேட்டின் செல்லுலோஸ் தகடு, சில பச்சைப் பாசிகளின் தடித்த சுவர் எல்லாமே தடைதான். ஓட்டைத் தாண்டினால் கரு உறை இருக்கிறது. சவ்வைத் துளைக்கும் ட்ரைட்டான் எக்ஸ்-100 அளவை 0.1 சதவீதத்திலிருந்து 0.5 வரை ஏற்றிப் பாருங்கள், நேரத்தையும் கூட்டுங்கள். அதைவிட மென்மையான சப்போனின் மட்டும் போட்டிருந்தால் கருவுக்குள் போக அது போதாமல் போகலாம்.

தடை இதுதானா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி: செல்லில் கண்டிப்பாக ஏராளமாக இருக்கும் வேறொரு புரதத்துக்குக் குறியிடுங்கள், உதாரணமாக டியூபுலினுக்கோ ரூபிஸ்கோவுக்கோ. அது பளிச்சென்று வந்தால் வெளிச் சுவர் தடையில்லை. பிசிஎன்ஏ பக்கம் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் எந்த ஆன்டிபாடி வாங்கினாலும் இதே கதைதான்.

அந்த உயிரில் அந்தப் புரதமே இல்லை. சினெக்கோகாக்கஸ், புரோக்ளோரோகாக்கஸ் இரண்டும் பாக்டீரியாக்கள். அவற்றில் பிசிஎன்ஏ கிடையாது. டிஎன்ஏ இரட்டிக்கும்போது அந்த வேலையைச் செய்வது டிஎன்ஏஎன் மரபணு தரும் பீட்டா கிளாம்ப் என்னும் வேறு புரதம். நுண்மிதவை மாதிரியில் 'பாதிக்கு மேல் செல்கள் குறி வாங்கவில்லை' என்று கவலைப்படுபவர்கள், அந்தச் செல்களில் கரு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடிக்கு உங்கள் பாசியைத் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும் நீக்கிய பிறகுதான் இங்கே வர வேண்டும். அதே வளர்ப்பை வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டுங்கள். அங்கேயும் பட்டை இல்லை, பக்கத்தில் ஓட்டிய டுனாலியெல்லா போன்ற பழகிய பாசியில் பட்டை இருக்கிறது என்றால், உங்கள் இனத்தின் மரபணு வரிசையிலிருந்து பெப்டைட் (சிறு புரதத் துண்டு) செய்து புது ஆன்டிபாடி தயாரிக்க வேண்டியதுதான். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலை அது.

## அறிகுறி 2: எல்லாமே ஒளிர்கிறது, பட்டினி வளர்ப்பு உட்பட

எந்த ஆன்டிபாடியும் போடாத செல்லை அதே அமைப்பில் பாருங்கள். அதுவும் ஒளிர்கிறதா? அப்படியானால் பிரச்சினை செல்லின் சொந்த நிறமி.

பச்சையம் 680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும். எஃப்ஐடிசியின் பச்சையிலிருந்து தூரம்தான், ஆனால் ஃபில்டர் '515-க்கு மேல் எல்லாம்' வகையாக இருந்தால் அந்தச் சிவப்பும் சேர்ந்து வந்துவிடும். கண்ணால் பார்க்கும்போது நிற வேறுபாடு தெரியும். கருப்பு வெள்ளைக் கேமராவுக்குத் தெரியாது. குறுகிய பட்டை ஃபில்டர் போடுங்கள். அப்புறம் மெத்தனால் கழுவலைத் திரும்பச் செய்யுங்கள். குளிர்ந்த மெத்தனாலில் ஊறவைத்து, சுழற்றி, மேலே நிற்கும் திரவத்தை வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ கொஞ்சம் தெரிந்தாலும் இன்னொரு முறை. அடியில் தங்கும் செல்படிவு சாம்பல் கலந்த வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது. 'இரண்டு முறை கழுவு' என்று குறிப்பில் இருக்கிறது என்பதற்காக இரண்டோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

கிரிப்டோஃபைட்டுகள் என்னும் நுண்பாசிகளில் இன்னொரு தொல்லை. ஃபைக்கோஎரித்ரின் புரதத்தோடு பிணைந்த நிறமி, மெத்தனாலில் கரையாது. எவ்வளவு கழுவினாலும் 570, 580 பக்கம் ஆரஞ்சு ஒளி கொஞ்சம் எஞ்சலாம். அங்கே சாயத்தை மாற்றுவதுதான் வழி. சிஒய்3 போல அதே இடத்தில் உமிழும் சாயங்களைத் தவிருங்கள்.

குளூட்டரால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்திருந்தால் செல் முழுவதும் மங்கலாகப் பச்சையடிக்கும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை முன் ஓட்டி அளக்கும் கருவி) எண்ணுவதற்காகப் பதப்படுத்திய கடல் மாதிரிகள் பல குளூட்டரால்டிஹைடில்தான் இருக்கும். எண்ண அது நல்லது, குறியிட ஆகாது.

இன்னொரு சாயமும் பச்சைதான். டிஎன்ஏ-வுக்கு சைபர் கிரீன், ஆன்டிபாடிக்கு எஃப்ஐடிசி என்று இரண்டையும் ஒரே செல்லில் போட்டால் இரண்டும் 520 பக்கமே வரும். கரு பளிச்சென்று தெரியும், பிசிஎன்ஏ கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படலாம், அவ்வளவுதான். டேப்பிக்கு மாறுங்கள். புரோப்பிடியம் அயோடைடு போடுவதாக இருந்தால் ஆர்என்ஏ-வை என்சைம் கொண்டு நீக்கிவிட்டுப் போடுங்கள். ஆர்என்ஏ-வையும் அது பிடிக்கும்.

சாயம் போடாத செல் இருட்டாக இருக்கிறது, இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட செல் ஒளிர்கிறது என்றால், அது கண்ட இடத்தில் ஒட்டுகிறது. பிஎஸ்ஏ புரதம் கொண்டு அடைப்பதைக் கூட்டுங்கள், ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள், கழுவும் நேரத்தை நீட்டுங்கள். ஃபிக்ஸ் செய்த பிறகு எஞ்சிய ஆல்டிஹைடு, வரும் ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். கிளைசினிலோ டிரிஸ் கரைசலிலோ ஒருமுறை கழுவினால் அடங்கும்.

செல்லைச் சுற்றிப் பொடிப் பொடியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் உயிரே இல்லை. கடல்நீரில் நிற்கும் செல்லை நேரடியாகப் பாஸ்பேட் கரைசலில் போட்டால், கால்சியத்தோடு சேர்ந்து வெண்படிவு உண்டாகும். இடையில் ஒருமுறை உப்புக் கரைசலில் கழுவிவிட்டால் வராது. டுனாலியெல்லா மாதிரி சுவரில்லாத செல்களை ஃபிக்ஸ் செய்யும் முன் பிபிஎஸ் என்னும் அந்தப் பாஸ்பேட் கரைசலில் போடவே கூடாது. கடல்நீரோடு ஒப்பிட்டால் அது மிகவும் நீர்த்தது, செல் உப்பி வெடித்துவிடும்.

ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக என்சைம் நிறமாற்ற முறையைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: பாஸ்பரஸ் பற்றாக்குறையில் இருக்கும் பாசிகளில் பல, தாமாகவே நிறைய ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தயாரித்து வைத்திருக்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இணைத்த ஆன்டிபாடி போட்டால், உங்கள் குறி எது, பாசியின் என்சைம் எது என்று பிரிக்கவே முடியாது. கடல் மாதிரியில் எல்லாச் செல்லும் நிறம் பிடித்தால், ஆன்டிபாடியே இல்லாமல் நிறமூட்டும் கரைசலை மட்டும் ஊற்றிப் பாருங்கள். நிறம் வந்தால் பெராக்சிடேஸுக்கு மாறுங்கள். அதிலும் செல்லின் சொந்த பெராக்சிடேஸை ஹைட்ரஜன் பெராக்சைடால் முன்கூட்டியே அடக்க வேண்டும். கழுவும் கரைசலில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது. அது பெராக்சிடேஸையே முடக்கிவிடும்.

இவ்வளவும் சரி, ஆனால் பட்டினி வளர்ப்பின் கருவில் மட்டும் இன்னும் ஒளி இருக்கிறது என்றால், அது உண்மையான பிசிஎன்ஏ-வாகவே இருக்கலாம். இரட்டிப்பு முடிந்த உடனே இந்தப் புரதம் மறைந்துவிடுவதில்லை. டிஎன்ஏ பழுது பார்க்கவும் செல் இதையேதான் எடுக்கும்; கடுமையான புற ஊதா ஒளி பட்ட செல்லில் பிளவு இல்லாமலும் குறி விழலாம். டிஎன்ஏ-மேல் ஏறி உட்கார்ந்திருப்பது ஒரு பங்கு, கருவில் சும்மா திரிவது இன்னொரு பங்கு. ஃபிக்ஸ் செய்யும் முன் ட்ரைட்டானில் சிறிது நேரம் வைத்தாலோ, பாராஃபார்மால்டிஹைடு இல்லாமல் நேராகக் குளிர் மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்தாலோ, திரியும் பங்கு கழன்று போய்விடும். விலங்குச் செல்களில் பழகிய முறை இது. பாசியில் இனத்துக்கு இனம் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

ஒரு கண் பழக்கம்: பிசிஎன்ஏ ஒளி, டேப்பி காட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும். செல் முழுவதும் பரவிய ஒளியை நேர்மறை என்று எண்ணாதீர்கள். சைக்ளின் பி-க்கு இந்த விதி பொருந்தாது. பல உயிர்களில் அது மைட்டாசிஸ் (கருப் பிளவு) தொடங்கும்வரை கருவுக்கு வெளியேதான் இருக்கும்.

யாரைக் கூப்பிடுவது: தயாரிக்கப் பயன்பட்ட பெப்டைடாலேயே அடைத்த ஆன்டிபாடியும் அதே இடத்தில் ஒட்டுகிறது என்றால் உங்களால் ஆவது ஒன்றுமில்லை. தயாரித்தவர்களிடம் முடிவைக் காட்டி மாற்றிக் கேளுங்கள்.

## அறிகுறி 3: வளர்ப்பு சரி, கடல் மாதிரி சரியில்லை

முதல் கேள்வி: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பல பாசிகள் ஒளி, இருள் சுழற்சியோடு ஒட்டிப் பிளவுறுபவை. டிஎன்ஏ இரட்டிப்பு பிற்பகலிலோ மாலையிலோ, பிளவு இரவிலோ விடியலிலோ நடக்கும். காலை பத்து மணிக்கு ஒரே ஒரு வாளி நீர் எடுத்துவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினால், அது பாசியைப் பற்றிய செய்தி ஆகாது. டயட்டங்கள் இதற்குள் அடங்காது, நாள் முழுக்கப் பரவலாகப் பிளவுறும் இனங்கள் அவற்றில் நிறைய.

இரண்டாவது, நீர் எடுத்ததற்கும் ஃபிக்ஸ் செய்ததற்கும் இடைவெளி. வலையில் திரட்டிய அடர்ந்த மாதிரி மேல்தளத்தில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால், அது இனி கடல் மாதிரி இல்லை. எடுத்த இடத்திலேயே ஒரு பங்கை ஃபிக்ஸ் செய்து, வழக்கம்போல் கொண்டுவந்த பங்கோடு ஒப்பிடுங்கள்.

லூகால் அயோடினில் பதப்படுத்திய மாதிரியைக் குறியிட முயல்பவர்கள் உண்டு. அயோடின் நிறம் ஒளியை அமுக்கிவிடும். தயோசல்பேட் போட்டு நிறத்தை எடுக்கலாம். அதற்குப் பிறகும் புரதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புதிய மாதிரி கிடைக்குமானால் இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

செல்கள் கழுவும்போதே தொலைவதும் இங்கே சகஜம். மெத்தனாலில் செல் குழாய்ச் சுவரில் ஒட்டும், சுழற்றினாலும் முழுதாக இறங்காது. தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணுங்கள். கால்வாசிதான் எஞ்சுகிறது என்றால், சுழற்றுவதை விட்டுவிட்டுப் பாலிகார்பனேட் வடிதாளின் மேலேயே எல்லாக் கட்டத்தையும் முடியுங்கள்.

கடைசியாக எண்ணிக்கை. உண்மையான பங்கு 10 சதவீதம் என்று வையுங்கள். 100 செல் எண்ணினால் நியமப் பிழை 3 சதவீதப் புள்ளி, 400 எண்ணினால் 1.5. அரிதான இனத்தில் 30 செல்லை எண்ணிவிட்டு, 'மாலையில் கூடியது, இரவில் குறைந்தது' என்று கோடு வரைவது வீண்.

## அறிகுறி 4: வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை குழப்புகிறது

பிசிஎன்ஏ-வின் கணக்கிட்ட நிறை ஏறத்தாழ 29 கிலோடால்டன். ஆனால் ஜெல்லில் அது 36 பக்கம் நிற்கும். அதனால் '29-இல் எதுவும் இல்லையே' என்று தேட வேண்டாம்.

55 பக்கம் கனமான பட்டையா? ரூபிஸ்கோவின் பெரிய துணையலகு அங்கேதான் நிற்கும், பாசியில் அது கொட்டிக் கிடக்கும் புரதம். ஆன்டிபாடியை நீர்க்கச் செய்தால் மங்கிவிடும். அவிடின், பயோட்டின் முறையைப் பயன்படுத்தியிருந்தால் செல்லின் சொந்த பயோட்டின் புரதங்களும் பட்டையாக வரும். முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு தாளை ஓட்டினால் தெரிந்துவிடும்.

36-க்குக் கீழே ஏணிபோலப் பல பட்டை இருந்தால் புரதம் சிதைந்திருக்கிறது. புரோட்டியேஸ் தடுப்பானை உடைக்கும் கரைசலில் அப்போதே சேருங்கள், வடிதாளை உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். பட்டையே இல்லை என்றால் செல் உடைந்ததா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். தடித்த சுவருக்குக் கண்ணாடி மணியோடு குலுக்குவது தேவைப்படும், வெறும் சோப்புக் கரைசல் போதாது.

இனி, மாதிரிக்கு மாதிரி அளவு ஒப்பிடும்போது வரும் வம்பு. மொத்தப் புரதத்துக்குச் சமமாக ஏற்றினீர்களா, செல் எண்ணிக்கைக்குச் சமமாகவா? நைட்ரஜன் குறைந்த செல்லில் மொத்தப் புரதமே குறைந்துவிடும். புரதச் சமம் ஏற்றினால் பட்டினி செல்லிலிருந்து அதிகச் செல்களை ஏற்றுகிறீர்கள், வேறுபாடு மறைந்துபோகும். வளர்ச்சியை அளக்கச் செல் எண்ணிக்கைச் சமம்தான் சரி. ஆக்டினை ஒப்பீடாக நம்ப வேண்டாம். எல்லாப் புரதத்தையும் காட்டும் பொன்சோ சாயத்தில் மொத்தப் பாதையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிடிசி2-க்கு, பிஸ்டேர் என்னும் அமினோ அமில வரிசையைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டவர்களுக்கு 34 பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டை வந்தால் பயப்பட வேண்டாம். அந்த வரிசை ஒன்றுக்கு மேற்பட்ட கைனேஸ்களில் (சிடிசி2 வகை என்சைம்களில்) இருக்கிறது. அந்தப் பட்டை நாள் முழுக்க மாறாமல் இருந்தாலும் அது கோளாறு ஆகாது. சுழற்சியோடு ஏறி இறங்குவது பொதுவாக சைக்ளின். கைனேஸின் அளவு பெரிதாக மாறாது. ஒரே குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் சிடிசி2-ஐ எடுக்க மாட்டேன்.

36-இல் வருவது பிசிஎன்ஏ-தானா என்ற சந்தேகம் கடைசிவரை நீங்கவில்லை என்றால், பட்டையை வெட்டி நிறை அலைமாலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கையுறை போடாமல் வெட்டினால் உங்கள் தோலின் கெரட்டின்தான் விடையாக வரும்.

## அறிகுறி 5: குறி அழகாக விழுகிறது, வளர்ச்சி வீதம் பொருந்தவில்லை

அதிக நேரம் விழுங்குவது இதுதான். ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்ததுபோலவே இருக்கும்.

கணக்கு 1982-இல் மெக்டஃபும் சிஷோமும் தந்தது: ஒவ்வொரு மாதிரியிலும் 'முடிவுக் கட்டத்தில்' (பிளவுக்கு முன் வரும், குறியால் அடையாளம் காணும் கட்டம்) இருக்கும் செல்களின் பங்கோடு ஒன்றைக் கூட்டி, இயல் மடக்கை எடுத்து, 24 மணி நேரத்துக்கும் சராசரி கண்டு, அந்தக் கட்டம் நீடிக்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். மூன்று மணிக்கு ஒருமுறை எடுத்த எட்டு மாதிரிகளில் பங்கு 0.02, 0.02, 0.05, 0.15, 0.30, 0.20, 0.08, 0.03. மடக்கைகளின் கூட்டல் 0.78, சராசரி 0.097. கட்டம் 4 மணி நேரம் என்றால் மணிக்கு 0.024, நாளுக்கு 0.58.

இப்போது அந்த 4-ஐ மட்டும் மாற்றுங்கள். 3 என்றால் வீதம் 0.78. 6 என்றால் 0.39. செல்லில் எதுவும் மாறவில்லை, குறி மாறவில்லை, எண்ணியது மாறவில்லை; விடை மட்டும் இரண்டு மடங்கு. எனவே வீதம் பொருந்தாதபோது முதலில் கேட்க வேண்டியது இந்த நேரம் எங்கிருந்து வந்தது என்பதை.

வேறு கட்டுரையிலிருந்து எடுத்த நேரமா? அந்த வெப்பநிலை, அந்த ஒளி, அந்த இனம் உங்களுடையது இல்லை. 1988-இல் கார்பென்டரும் சாங்கும் காட்டிய வழி, உங்கள் சொந்த மாதிரியிலிருந்தே இதை எடுக்கும்: எஸ் கட்ட (டிஎன்ஏ இரட்டிக்கும் காலம்) உச்சத்துக்கும் ஜி2, எம் கட்ட (பிளவுக்குத் தயாராகும், பிளவுறும் காலம்) உச்சத்துக்கும் இடையே உள்ள நேரத்தை இரட்டித்தால் இரண்டும் சேர்ந்து நீடிக்கும் காலம் வரும். ஆனால் உச்சங்கள் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கின்றன, மாதிரி மூன்று மணிக்கு ஒருமுறை என்றால் அந்த இடைவெளியை நீங்கள் அளக்கவே இல்லை. உச்சம் வரும் பகுதியிலாவது மணிக்கு ஒருமுறை எடுங்கள்.

எண்ணியதும் நேரமும் ஒரே கட்டத்துக்கு உரியவையா? பிசிஎன்ஏ நேர்மறை என்பதும் எஸ் கட்டம் என்பதும் ஒன்று அல்ல. குறி, எஸ்-க்கு முந்தைய ஜி1 கட்டத்தின் கடைசியிலேயே தலைகாட்டும், ஜி2-வுக்குள்ளும் நீளும். பிசிஎன்ஏ கொண்டு பங்கை எண்ணிவிட்டு, டிஎன்ஏ அளவிலிருந்து எடுத்த எஸ் கட்ட நேரத்தால் வகுத்தால் வீதம் கூடுதலாகத்தான் வரும். குறி தென்படும் காலம் எவ்வளவு என்று அதே இனத்தின் வளர்ப்பில், செல் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

24 மணி நேரமும் எடுத்தீர்களா? மேலே உள்ள எட்டில் முதல் நான்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 0.58-க்குப் பதில் 0.34 வரும். இரவுப் பணிக்கு ஆள் இல்லை என்பதற்காகப் பாசி பகலிலேயே பிளவுறாது. எடுக்க முடியவில்லை என்றால் உச்சப் பங்கை மட்டும் வைத்துக் குறைந்தபட்ச வீதம் சொல்லலாம்: 0.30 உச்சம் என்றால் மடக்கை 0.26. 'குறைந்தபட்சம்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதினால் அதில் தவறில்லை.

வீதம் உண்மைக்கு மேலே போகிறது, நேரமும் சரிதான் என்றால், செல்கள் சுழற்சியின் நடுவே சிக்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். சிலிக்கான் தீர்ந்த டயட்டம் ஜி1-இல் மட்டும் நிற்பதில்லை, ஜி2-விலும் நிற்கும். எண்ணும்போது அவையெல்லாம் பிளவுக்குத் தயாரான செல்போலவே தெரியும். பங்கு நாள் முழுக்க உயர்ந்தே இருந்து ஏறி இறங்காமல் தட்டையாக இருப்பது இதன் அடையாளம். அப்போது அந்த நீரில் சிலிக்கேட் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். இரட்டைக் கரு கொண்ட செல் கூடுகிறதா என்பதும் ஒரு நல்ல குறுக்குச் சோதனை. சிக்கி நிற்கும் கூட்டத்தில் அது கூடாது.

வீதம் குறைவாக வந்தால், பங்கு காண வகுக்கும் மொத்தச் செல் எண்ணிக்கையில் செத்த செல்லும் ஓய்வுச் செல்லும் சேர்ந்திருக்கலாம். கரு தெளிவாக இல்லாத செல்லை மொத்தத்திலிருந்தே நீக்குங்கள். நேர்மறைக்கான எல்லையைக் கண் மதிப்பில் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பட்டினி வளர்ப்பின் செல்களில் மிகச் சிலவே தாண்டும்படி எல்லை வையுங்கள், அதே எல்லையை எல்லா மாதிரிக்கும் பிடியுங்கள். குழாயின் மேல் நேரம் எழுதாமல் எண் மட்டும் எழுதி, வேறொருவரிடம் எண்ணக் கொடுங்கள். மாலை மாதிரி என்று தெரிந்தால் கை தானாகவே இன்னும் நான்கு நேர்மறை கண்டுபிடிக்கும்.

கடலில் மட்டும் பொருந்தவில்லை என்றால் நீரே மாறியிருக்கலாம். ஒரே இடத்தில் நங்கூரமிட்டு 24 மணி நேரம் எடுத்தால் பல நீர்த்திரள்கள் உங்களைக் கடந்து போயிருக்கும். மிதவை ஒன்றை விட்டு அதன் பின்னால் போய் எடுங்கள். நீந்தும் இனமானால் பகலில் ஓர் ஆழம், இரவில் வேறு ஆழம். ஒரே ஆழத்தில் எடுப்பவருக்குப் பிளவுறும் செல்கள் கண்ணிலேயே படாமல் போகும்.

செல் எண்ணிக்கையோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: கடலில் எண்ணிக்கை ஏறவில்லை என்பதால் குறி பொய் சொல்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பிளவுற்றதையெல்லாம் யாராவது தின்றுகொண்டிருக்கலாம். இந்த முறையைக் கடலில் பயன்படுத்துவதே அதற்காகத்தானே.

## அறிகுறி 6: டைனோஃபிளாஜெல்லேட்டில் எப்போதும் நேர்மறை

இவற்றின் குரோமோசோம்கள் சுழற்சி முழுவதும் சுருண்டே இருக்கும், மரபணு அளவும் பெரிது. பிசிஎன்ஏ சில இனங்களில் எல்லாக் கட்டத்திலும் தெரியும். அப்போது 'உண்டு, இல்லை' என்று எண்ணுவதால் பயனில்லை; பட்டினி வளர்ப்போடு ஒப்பிட்டு ஒளியின் அளவை செல் செல்லாக அளக்க வேண்டும். அதிலும் பிரியவில்லை என்றால் அந்த இனத்துக்கு இந்தக் குறியை விட்டுவிடுங்கள். இரட்டைக் கரு செல்களை எண்ணும் பழைய முறை மலிவானது, நம்பகமானது. புதிதாக இரட்டிக்கும் டிஎன்ஏ-வில் இடியூ என்னும், டிஎன்ஏ கூறு போன்ற பொருளைச் சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி. அதற்கு உயிருள்ள செல் வேண்டும், பழைய மாதிரிக்கு உதவாது.

## வெளியாரிடம் போகும்போது

ஃப்ளோ சைட்டோமீட்டர் மையத்துக்குக் கடல் மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாயமே போடாத செல், டிஎன்ஏ சாயம் மட்டும் போட்டது, இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்டது, வளரும் வளர்ப்பு, பட்டினி வளர்ப்பு எல்லாம் தனித்தனிக் குழாயில் வேண்டும். சங்கிலியாக ஒட்டி நிற்கும் டயட்டம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவியின் குழல் அடைத்துக்கொண்டால் அடுத்த முறை உங்களுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

புது ஆன்டிபாடி செய்யச் சொல்லும்போது, ஊசி போடும் முன் எடுத்த ரத்தச் சீரத்தைப் பல முயல்களிலிருந்து அனுப்பக் கேளுங்கள். அதை உங்கள் பாசியின் பிளாட்டில் ஓட்டிப் பார்த்து, எந்த முயலின் சீரத்தில் பட்டையே வரவில்லையோ அதற்கு மட்டும் ஊசி போடச் சொல்லுங்கள். தீவனத்தோடு என்னென்னவோ உள்ளே போயிருக்கும் முயல்களின் சீரம், நீங்கள் கேட்காமலேயே பாசிப் புரதத்தைப் பிடிக்கும்.